இயக்குநர் நாற்காலியின் நான்காவது கால்

அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரையில் டைல்ஸ் பதிக்கிற வேலை. தோள்பையில் எப்போதும் ஒரு ரசமட்டம் இருக்கும். மஞ்சள் கட்டை, நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. யார் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாலும் முதலில் அதை எடுத்து மேசைமேல் வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நின்றால்தான் மனிதருக்குக் காபி தொண்டையில் இறங்கும். இல்லாவிட்டால் காகிதத்தை மடித்து மேசைக் காலுக்கு அடியில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே இந்த வேலையைப் பார்த்தார் என்று அவர் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

இவ்வளவு நேரான மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கோணல். அந்த நாட்டில் இருப்பதற்கு அவரிடம் அனுமதி இல்லை.

வந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை, அதற்கு முறையான அனுமதி உண்டு. ஒன்பது வயது மகள் அங்கேயே பிறந்தவள். அனுமதிப் படிவத்தில் மனைவிக்கு ஒரு கட்டம், மகளுக்கு ஒரு கட்டம் இருந்தது. கணவனுக்குக் கட்டம் போட அச்சடித்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

அதனால் ரசமட்டம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாழ்ந்தார். சிவப்பு விளக்கில் ஒருநாளும் சாலையைக் கடந்ததில்லை. பூங்காவில் புல்லை மிதித்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பாட்டை அலறவிட்டபோதுகூடக் கதவைத் தட்டிச் சண்டை போட்டதில்லை. அந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் அந்த நாட்டுச் சட்டத்தை அவ்வளவு மதித்து நான் பார்த்ததில்லை.

இதற்கிடையே நாடாளுமன்றத்தில் அவரைப் போன்றவர்களைப் பற்றி விவாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு தரப்பு எல்லோரையும் அனுப்பு என்றது. மறு தரப்பு எல்லோரையும் ஏற்றுக்கொள் என்றது. மதியம் இரு தரப்பும் ஒரே உணவகத்தில் சாப்பிட்டன. உள்ளே தட்டு கழுவுவது யார் என்று எந்தத் தரப்பும் எட்டிப் பார்க்கவில்லை. இப்படிப் பன்னிரண்டு வருஷம் தொண்டை வறளப் பேசி, கடைசியில் நியாயமான குடிவரவுச் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இரு தரப்பும் மனம் நோகக் கூடாது என்பதால் சட்டத்தின் முதல் பாதியை ஒரு தரப்பும் இரண்டாம் பாதியை மறு தரப்பும் எழுதின. ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

சட்டம் வந்த செய்தியைக் கேட்டதும் ரசமட்டத்தின் மனைவி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பத்து வருஷமா இங்கே இருக்கிறவங்களுக்குக் காகிதம் தராங்களாம். மாசக் கடைசிக்குள்ள விண்ணப்பம் போடணுமாம். அதுக்கப்புறம் காகிதம் இல்லாம இருக்கிறவங்களைக் கணக்கெடுத்து அனுப்பிடுவாங்களாம். நாளைக்கே போங்க. அங்கேயும் போய் மேசைக்கு மட்டம் பார்த்துட்டு நிக்காதீங்க" என்றாள்.

மறுநாள் காலை குடிவரவுத் துறை அலுவலகத்தில் வரிசை தெருவைத் தாண்டி நின்றது. ரசமட்டம் நான்காம் கவுண்டரை அடைந்தபோது மணி இரண்டு. கவுண்டரில் இருந்த அம்மாளுக்கு மூக்குக்கண்ணாடிச் சங்கிலி. யார் முகத்தையும் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்க்கிற பழக்கம்.

"பத்து வருஷமா அனுமதி இல்லாம இருந்ததுக்கு அரசாங்க ஆவணம் இருக்கா?"

"அனுமதி இல்லாம இருந்தவன்கிட்ட அரசாங்க ஆவணம் எப்படிம்மா இருக்கும்?"

"பிடிபட்டிருந்தா இருக்கும். அபராதம், வழக்கு, எச்சரிக்கை, ஏதாவது?"

"ஒண்ணுமே இல்லைம்மா. நான் ஒழுங்கா இருந்துட்டேன்."

"அப்ப நீங்க சட்டவிரோதமா இருந்ததா நாங்க எப்படி எடுத்துக்கிறது? எல்லாரும் வந்து நானும் சட்டவிரோதமா இருந்தேன்னு சொல்லிட்டா, உண்மையிலேயே சட்டவிரோதமா இருந்தவங்களுக்கு அநியாயம் இல்லையா?"

ரசமட்டத்துக்கு முன்னால் நின்ற ஓட்டல் சமையல்காரரிடம் ஆவணம் இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் அனுமதிச் சீட்டு இல்லை என்று தெருவில் நிறுத்தி எழுதிக்கொடுத்த எச்சரிக்கை. அதைக் கண்போலக் காப்பாற்றி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான்காம் கவுண்டரில் அது பாஸ். ஐந்தாம் கவுண்டரில் நன்னடத்தைச் சான்று. அங்கே அந்த எச்சரிக்கையைப் பார்த்ததும், அரசாங்கத்திடம் பிடிபட்டவருக்கு நன்னடத்தை கிடையாது என்று திருப்பிவிட்டார்கள். முதல் பாதிக்கு நான்காம் கவுண்டர், இரண்டாம் பாதிக்கு ஐந்தாம் கவுண்டர்.

"நாம ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்திருந்தா இன்னைக்கு வேலை முடிஞ்சிருக்கும்" என்றார் சமையல்காரர். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்த வாயோடு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

ரசமட்டம் கவுண்டரை விட்டு நகரவில்லை. வேறு வழியே இல்லையா என்று கெஞ்சினார். கவுண்டர் அம்மாள் பெருமூச்சு விட்டு ஒரு நீல நிறப் படிவத்தை நீட்டினாள். அதில் முப்பத்தாறு கேள்விகள். தாங்கள் ஒளிந்திருந்த காலத்தில் தங்களைப் பிடிக்கத் தவறிய அலுவலரின் பெயரும் பதவியும் என்று பதினோராம் கேள்வி. ஒளிந்திருந்ததில் விடுப்பு எடுத்த நாட்கள் உண்டா என்று பன்னிரண்டாம் கேள்வி. ரசமட்டம் வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தார். முப்பத்தைந்தாவது கேள்வியில் விரல் நின்றது. அரசுக் கட்டடம் எதிலாவது விண்ணப்பதாரர் அந்தக் காலத்தில் இருந்ததற்கு, பெயர்த்தெடுக்க முடியாத வகையில் பதிந்த ஆதாரம் உண்டா?

ரசமட்டம் தலையை நிமிர்த்தவில்லை, குனிந்தார். காலுக்கடியில் இருந்த தரையைப் பார்த்தார். சாம்பல் நிறம், இரண்டடிக்கு இரண்டடி, ஜாயின்ட் நூல் பிடித்த மாதிரி நேர்.

அவர் போட்ட தரை.

வந்த முதல் மாதம் பார்த்த முதல் வேலை அது. கட்டடத்தைப் புதுப்பித்தபோது கான்ட்ராக்டர் அவரையும் இன்னும் ஏழெட்டுப் பேரையும் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்தார். எங்கே வேலை என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள்தான் ஒருவர் சுவரில் பலகை மாட்டினார்: சட்டவிரோதக் குடியேற்றத் தடுப்புப் பிரிவு. ரசமட்டம் கலவைக் கரணையைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். ஆனால் தடுப்புப் பிரிவு அதிகாரிகள் ஈரத் தரையை மிதிக்காமல் ஓரமாக நடந்து, "நல்லா போடுறீங்களே, எப்ப முடியும்?" என்று மட்டும் கேட்டார்கள்.

தரை போடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசிக் கல்லைப் பதிப்பதற்கு முன் அதன் முதுகில் பென்சிலால் தேதியும் பெயரும் எழுதுவார்கள். யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் எழுதுவார்கள். ரசமட்டமும் எழுதினார். அது இயக்குநர் அறையில், மேசைக்குப் பின்னால் பதித்த கல்.

அந்தக் கல்லைப் பற்றி அவர் மனைவியிடம்கூடச் சொல்லாத ஒரு வெட்கம் இருந்தது. திறப்பு விழாவுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், எல்லோரும் பின்வாசலுக்கு ஓடுங்கள் என்று கான்ட்ராக்டர் விரட்டியதில், ஒரு மூலைக்குக் கலவை பற்றாமல் அவசரமாக அமுக்கிவிட்டு ஓடினார். தட்டினால் அந்த மூலை மட்டும் பொள்ளென்று சத்தம் கொடுக்கும். பதினோரு வருஷத்தில் அவர் செய்த ஒரே மோசமான வேலை. ராத்தூக்கத்தில்கூட அந்தச் சத்தம் கேட்டு விழித்திருக்கிறார் என்றால் நம்புவீர்களா?

முப்பத்தைந்தாம் கேள்விக்கு ஆம் என்று எழுதி, கல் இருக்கும் இடத்தையும் குறித்துக் கொடுத்தார். கவுண்டர் அம்மாள் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இந்தக் கேள்விக்கு இதுவரைக்கும் யாருமே பதில் எழுதினதில்லை" என்றாள். "இது எந்த ஃபைல்ல போகும்னே தெரியலையே."

ஒரு வாரத்தில் அழைப்பு வந்தது. இயக்குநர் அறையில் சான்று ஆய்வுக் குழு. இயக்குநர், சட்ட ஆலோசகர், குறிப்பு எழுத அதே கவுண்டர் அம்மாள். இயக்குநர் பெரிய உடம்புக்காரர், கனிவாகப் பேசுகிறவர். தரையைத் தோண்ட அவர் சம்மதிப்பாரா என்று ரசமட்டம் பயந்துகொண்டே போனார். ஆனால் இயக்குநரின் கேள்வியே வேறாக இருந்தது.

"நாற்காலிக்கு அடியிலன்னு எழுதியிருக்கீங்க. எந்தக் காலுக்கு அடியில?"

"வலது பக்கம் பின்னங்காலு சார். அந்த மூலையில கலவை பத்தாது. உட்கார்ந்தா லேசா ஆடும். மன்னிச்சுக்கணும்."

இயக்குநர் எழுந்துவிட்டார். கண்ணில் தண்ணீர்.

"பதினோரு வருஷமா ஆடுதுய்யா. நாலு நாற்காலி மாத்தினேன். தலை சுத்துதுன்னு போனா டாக்டர் காதுல கோளாறுன்னு மாத்திரை கொடுத்தார், ஆறு வருஷமா முழுங்கறேன். என் மனைவி என் குணமே ஆட்டம்னு சொல்லிட்டா. இது தரையா?"

"தரைதான் சார்."

"தோண்டுங்க" என்றார் இயக்குநர்.

ரசமட்டம் பையிலிருந்து உளியை எடுத்தார். சட்ட ஆலோசகர் கையை உயர்த்தினார். மெலிந்த மனிதர், கழுத்துப்பட்டை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"இவர் அனுமதி இல்லாதவர். இந்த வளாகத்துல வேலை செய்யக் கூடாது. செஞ்சா அதுவே குற்றம்."

"அப்ப யார் எடுக்கிறது?"

"ஒப்புதல் பெற்ற ஒப்பந்ததாரருக்கு எழுதணும். ஆறு வாரம் ஆகும்."

மாதக் கடைசிக்கு நான்கு நாள்தான் இருந்தது. இயக்குநருக்கோ இன்னும் ஆறு நிமிஷம்கூடப் பொறுமை இல்லை. குழு கூடிப் பேசி ஒரு தீர்மானம் போட்டது: வாயால் சொல்வது வழிகாட்டுதல், கையால் செய்வதே வேலை. எனவே ரசமட்டம் சொல்ல, சட்ட ஆலோசகர் செய்வது. கவுண்டர் அம்மாள் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டாள்.

சட்ட ஆலோசகர் கழுத்துப்பட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு முழங்காலிட்டார்.

"உளியை நிமித்தாதீங்க சார், சாய்ச்சுப் பிடிங்க. ஜாயின்ட்டை முதல்ல சுரண்டணும். அவசரப்படாதீங்க. கல்லுக்கும் வலிக்கும்னு நினைச்சுக்குங்க." ரசமட்டத்தின் விரல்கள் சும்மா இருக்க மாட்டாமல் காற்றில் சுரண்டின. ஆலோசகர் ஒரு மணி நேரம் வியர்த்து விறுவிறுத்து, இரண்டு நகங்களைப் பெயர்த்துக்கொண்டு, கடைசியில் கல்லைக் கிளப்பினார். மூலையில் கலவை பிடிக்காததால் கல் உடையாமல் முழுசாக வந்தது. நல்ல வேலையாக இருந்திருந்தால் சுக்குநூறாகியிருக்கும்.

இயக்குநர் அதைத் திருப்பி, தூசியைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துச் சத்தமாகப் படித்தார். முதலில் தேதி. பதினோரு வருஷத்துக்கு முந்தையது. அடுத்து ரசமட்டம் என்ற பெயர். அதற்குக் கீழே கொஞ்சம் கோணலாக ஒரு வரி: இங்கே உட்காருகிறவர் நன்றாக இருக்கட்டும்.

கவுண்டர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இயக்குநர் கல்லைக் கீழே வைக்க மனமில்லாமல் நெஞ்சோடு பிடித்திருந்தார். ரசமட்டம் மனதுக்குள் அப்போதே வீட்டுக்குப் போய், கதவைத் திறந்து, மகளைத் தூக்கிச் சுற்றிவிட்டார்.

"ஒரு சின்ன சிக்கல்" என்றார் சட்ட ஆலோசகர், நகத்தை ஊதிக்கொண்டே. "இந்தக் கல்லை ஏத்துக்கிட்டா, தடுப்புப் பிரிவோட தரையை அனுமதி இல்லாத ஆள் போட்டார்னு ஆகும். அப்படின்னா சட்டத்தை மீறினது நாம."

இயக்குநர் யோசித்தார். கல்லை மேசைமேல் வைத்தார். வைத்த கையோடு பழையபடி இயக்குநர் ஆனார்.

"எழுதிக்குங்கம்மா" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். "இந்தத் துறை ஒருபோதும் அனுமதி இல்லாத ஒருத்தரையும் வேலைக்கு வெச்சதில்லை. வெச்சிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருந்தா பிடிச்சிருப்போம். நாங்க யாரையும் பிடிக்கலை. அதனால யாரும் வேலை செய்யலை."

"அப்ப தரை சார்?" என்றாள் கவுண்டர் அம்மாள்.

"தரை இருக்கு. இல்லேன்னு யாரும் சொல்லலையே. எப்படி வந்ததுன்னு கேட்கிறது இந்தக் குழுவோட வேலை இல்லை."

மூன்றாம் நாள் முடிவு வந்தது. இரண்டு காகிதங்கள். முதலாவது கல்லுக்கு. மேற்படி கல் பத்து வருஷத்துக்கு மேல் அரசு முகவரியில் தொடர்ந்து இருந்திருக்கிறது என்பது ஐயமற நிரூபணமானது. அது எந்த அலுவலரிடமும் பிடிபட்டதில்லை. எனவே சட்டத்தின் இரு பாதிகளையும் நிறைவு செய்து, ஆவண அறையில் நிரந்தரமாக இருக்க அனுமதி பெறுகிறது. முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது ரசமட்டத்துக்கு. அனுமதியின்றி அரசுக் கட்டடத்தில் வேலை செய்ததாகத் தம் கைப்பட எழுதிக்கொடுத்திருப்பதால் நன்னடத்தை இல்லை. முப்பது நாளில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.

மனைவி இரண்டையும் படித்தாள். கல்லின் காகிதத்தை இன்னொரு தடவை படித்தாள்.

"கல்லாப் பொறந்திருக்கலாம் நீங்க" என்றாள். மகளின் பள்ளிக்கூடப் பையைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள், மறுபடி இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அன்றைக்கே மதியம் அலுவலகத்திலிருந்து போன். மறுநாள் சீர்திருத்தத்தின் வெற்றியைப் பாராட்ட அமைச்சர் வருகிறாராம். இயக்குநர் அறையில் இரண்டடிக்குக் குழி. ஒப்புதல் பெற்ற ஒப்பந்ததாரருக்கு இன்னும் ஆறு வாரம் ஆகும்.

"நான் வேலை செய்யக் கூடாதே சார்" என்றார் ரசமட்டம்.

"இது வேலை இல்லை, ஒத்தாசை" என்றார் இயக்குநர், பாசமாக. "பின்வாசல் வழியா வந்துடுங்க."

போகாதீங்க என்று மனைவி சொல்வாள் என எதிர்பார்த்தார். அவள் மூலையில் இருந்த தோள்பையைக் காட்டி, "பையை எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

பதினோரு வருஷத்துக்கு முன் ஓடிய அதே பின்வாசல். அறையில் யாரும் இல்லை. புதுக் கல் ஒன்று சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ரசமட்டம் குழியைச் சுத்தம் செய்தார், தண்ணீர் தெளித்தார், நான்கு மூலைக்கும் நிறைவாகக் கலவை போட்டார். பழைய வெட்கத்தைத் தீர்த்துக்கொள்ள இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? கல்லைப் பதித்து, ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டத்தை வைத்தார். குமிழி வந்து நட்டநடுவில் நின்றது. பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது.

நிமிரும்போது சட்டைப்பையில் காகிதம் மொடமொடத்தது. முப்பது நாள் காகிதம்.

ரசமட்டம் அதை எடுத்து இன்னொரு தடவை படித்தார். பிறகு ஈரம் காய்வதற்கு முன் கல்லை மெதுவாகத் தூக்கினார். வலது பின்பக்க மூலைக்குக் கரணையை விட்டு ஒரு பிடி கலவையை வழித்து எடுத்தார். கல்லைத் திரும்ப அமுக்கினார். ரசமட்டத்தை வைத்துப் பார்க்கவில்லை. பைக்குள் போட்டு மூடினார். இந்தக் கல்லின் முதுகில் அவர் எதையும் எழுதவும் இல்லை.

அமைச்சர் வந்தார், பாராட்டினார், இயக்குநரின் நாற்காலியில் மரியாதைக்காக ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். நாற்காலி ஆடியது. "உங்க துறை இன்னும் உறுதியாகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே இயக்குநருக்குத் தலைசுற்றல் திரும்ப வந்தது. ஒப்புதல் பெற்ற ஒப்பந்ததாரருக்கு ஆறு வாரம் ஆகும் என்பதால் அவருடைய ஆள் மட்டும் பார்க்க வந்தார். நாற்காலியில் கோளாறு என்று எழுதிக்கொடுத்தார். நாற்காலிக் கம்பெனிக்காரர் வந்தார். உட்காருகிறவரின் எடையில் கோளாறு என்று எழுதிக்கொடுத்தார். தரையின் கோளாறு தெரிந்த மனிதர் ஒருவர்தான், அவர் இன்னும் இருபத்து மூன்று நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியவர். இயக்குநர் சட்ட ஆலோசகரைக் கூப்பிட்டார். ஆலோசகர் ஒரு ராத்திரி முழுக்கப் புத்தகங்களைப் புரட்டி, தற்காலிகத் தரைப் பராமரிப்பு நிமித்த அனுமதி என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். முப்பது நாள் செல்லும். தேவைப்பட்டால் நீட்டிக்கலாம்.

தேவைப்பட்டது. ரசமட்டம் மாதம் ஒரு தடவை போய்க் கல்லைக் கிளப்பி மறுபடி பதித்தார். இரண்டு வாரம் நாற்காலி மலை மாதிரி நிற்கும். மூன்றாம் வாரம் லேசாக ஆடத் தொடங்கும். நான்காம் வாரம் இயக்குநரே போன் செய்வார். ஒரு மூலையில் எவ்வளவு கலவை குறைத்தால் கல் எத்தனை நாள் தாங்கும் என்பதில் ரசமட்டத்துக்கு இப்போது கை தேர்ந்துவிட்டது. அந்தக் கலையை உலகத்தில் வேறு யாரும் கற்றதில்லை, கற்க வேண்டிய அவசியமும் இல்லை.

இது நாற்பத்தோராவது நீட்டிப்பு. கவுண்டர் அம்மாள் முத்திரை குத்தும்போது ஒன்றும் கேட்பதில்லை. பழைய இயக்குநர் ஓய்வு பெற்றுப் புது இயக்குநர் வந்துவிட்டார். வந்த மாதமே காது டாக்டரைப் பார்த்தார். நாடாளுமன்றத்தில் சீர்திருத்தத்தைச் சீர்திருத்துவது பற்றி விவாதம் தொடங்கியிருக்கிறது. மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. அப்பா அரசாங்கத்தில் வேலை பார்க்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள்.

யார் வீட்டுக்குப் போனாலும் ரசமட்டம் இப்போது மேசையை மட்டம் பார்ப்பதில்லை. கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறார்.

இன்று காலை அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தாள். வாசல்வரை வந்தாள். ஒவ்வொரு மாதமும் சொல்வதைத்தான் இன்றும் சொன்னாள்.

"பழக்க தோஷத்துல ஒழுங்காப் போட்டுட்டு வந்துடாதீங்க."